ரெக்ஸின் வீச்சு

மேவிஸுக்கு கோல்ஃபைப் பற்றித் தெரிந்ததெல்லாம், பதினெட்டுக் குழி ஆடி முடிப்பதற்குள் இரண்டு அண்டா தேநீர் கொதித்துவிடும் என்பதுதான். கிளப்பில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் ஒருநாள்கூட மறுத்துப் பேசியதில்லை.

அன்று சாம்பியன்ஷிப் சனிக்கிழமை. கிளப் சமையலறையில் நின்று ரொட்டியின் ஓரங்களை நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த தெல்மா அவள் கைகளையே பார்த்தாள்.

"என்னடி இது, வலது கை வெயில்ல கருகிக் கிடக்கு, இடது கை மட்டும் மாவு மாதிரி வெளுத்திருக்கு?"

"தோட்டத்துல முள்ளுச் செடி பிடுங்குறேன்ல, அந்தக் கைக்கு மட்டும் உறை போடுவேன்" என்றாள் மேவிஸ், கத்தியை நிறுத்தாமல்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டு நீட்டுகிற ஜன்னல் ஒன்று. பெண்கள் அதைத் தாண்டிக் கூடத்துக்குள் போகக்கூடாது. சனிக்கிழமைகளில் மைதானத்தில் ஆடவும் கூடாது; ஆரஞ்சு நறுக்கி எடுத்துப்போய் ஆடுகிறவர்களுக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

கூடத்துச் சுவரில் சாம்பியன்களின் பெயர்ப் பலகை, பொன்னெழுத்தில். மேவிஸின் புருஷன் ரெக்ஸுக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். அப்பா பெயர் நாலு தடவை, அண்ணன் பெயர் இரண்டு தடவை. பத்தொன்பது வருஷமாக ஆடியும் அவன் பெயர் ஒரு தடவைகூட இல்லை. எப்படி அடித்தாலும் பந்து வலப்பக்கம் வளைந்து யூகலிப்டஸ் மரங்களுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கோதுமை விதைப்பு முடிந்த பிறகு என்ன நடந்ததோ, அவன் வீச்சே மாறிப்போனது. மட்டையை அவசரமில்லாமல் பின்னுக்குத் தூக்கினான். இடுப்பு முதலில் திரும்ப, தோளும் கையும் அதன் பின்னே வந்தன. பந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி நேரே போனது.

அன்றைக்கும் பன்னிரண்டு குழி வரை அப்படித்தான். பதிமூன்றிலும் பதினாலிலும் பழைய வியாதி திரும்பிவிட்டது. இரண்டு பந்துகள் மரத்துக்குள். அந்த நேரம் பார்த்து மேவிஸ் ஆரஞ்சுத் தட்டோடு வந்தாள். ஒரு துண்டை அவன் கையில் கொடுத்தாள், சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள், போய்விட்டாள். பதினைந்திலிருந்து பந்து மறுபடி நேரே போனது.

கடைசியில் ரெக்ஸ் எழுபத்தெட்டு அடி. கூடவே ஆடி அவன் கணக்கை எழுதிய மெர்வின் எழுபத்தொன்பது. குறைவாக அடித்தவனுக்குத்தான் கோப்பை; ஒரே அடி வித்தியாசம்.

"அந்த ஆரஞ்சுல என்னத்தைக் கலந்தாளோ, அடுத்த வருஷம் எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொல்லு" என்றான் மெர்வின். கூடமே சிரித்தது.

ரெக்ஸ் இடது கை உறையை உருவி மேஜைமேல் எறிந்துவிட்டு பீர் ஒன்று வாங்கி உட்கார்ந்தான். அவன் முன்னால் அடிக்கணக்கு எழுதிய கார்டு கிடந்தது. மெர்வின் கையெழுத்துப் போட்டாயிற்று. இவனும் போட்டு, கிளப் தலைவர் ஆல்ஃபிடம் கொடுத்துவிட்டால் பலகையில் பெயர் ஏறிவிடும்.

ஆல்ஃப் பேனாவை நீட்டியபடியே கேட்டார்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு ரெக்ஸு. உன் வீச்சைச் சரிபண்ணினது யாரு? நம்ம பழைய கோச் போனதிலேருந்து அந்த இடம் காலியாத்தான் கிடக்கு. ஆளைக் காட்டு, திங்கக்கிழமையே வேலைக்கு வரட்டும். கிளப்புலயும் சேத்துக்கலாம்."

"யாரா இருந்தாலும், ஆட்டத்துக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்திருக்கணும்" என்றான் மெர்வின். மறுபடி சிரிப்பு. எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. போன வருஷம் ஆட்டத்தின் நடுவில், வேடிக்கை பார்க்க வந்த மச்சானிடம் எந்த மட்டையை எடுக்கலாம் என்று கேட்டுவிட்டான் மெர்வின். பக்கத்தில் யாரும் இல்லை, யார் காதிலும் விழவில்லை. சாயங்காலம் அவனே வந்து சொன்னான். ஆட்டத்தின் நடுவில் யாரிடமாவது யோசனை கேட்டால் விதிப்படி இரண்டு அடி கூடும்; கைக்கு வந்த கோப்பை போய்விட்டது. அதை யாரும் பெரிய தியாகமாக நினைக்கவில்லை; அந்த ஆட்டத்தில் அதுதான் வழக்கம்.

ரெக்ஸ் ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்தான். அங்கே மேவிஸ் சாண்ட்விச் தட்டை ஏந்திக்கொண்டு நின்றிருந்தாள். அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"யாரும் இல்லப்பா. அலமாரிக் கண்ணாடி முன்னால நின்னு நானே கத்துக்கிட்டேன்."

விடியற்காலையில் ரெக்ஸ் வீட்டுக் கொட்டகைப் பக்கம் மட்டையடிச் சத்தம் கேட்கிறதே, மேவிஸ் தூக்கம் கெட்டுத் திட்டமாட்டாளா என்று யாரோ கேட்டார்கள்.

"மேவிஸா?" ரெக்ஸ் பீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னான். "மட்டைய எந்தப் பக்கம் பிடிக்கணும்னே அவளுக்குத் தெரியாது. ரொட்டி நறுக்குற கத்திய மாத்திப் பிடிக்காம இருந்தாச் சரி."

கூடம் அதிர்ந்தது. தெல்மாகூடச் சிரித்துவிட்டாள், பாவம். ரெக்ஸ் பேனாவை வாங்கி மூடியைத் திறந்தான்.

மேவிஸ் தட்டை ஜன்னல் வழியே கூடத்துப் பக்கம் தள்ளினாள். கருத்த கையையும் வெளுத்த கையையும் ஏப்ரனில் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"ஆல்ஃப், பதினாலாவது குழியில 'என் வீச்சுல என்ன தப்பு'ன்னு இவர் என்கிட்ட கேட்டாரு, நானும் சொன்னேன், அந்த ரெண்டு அடியையும் கார்டுல சேத்துக்குங்க."