ஓடைக் கறை

வேளாண் அலுவலகக் கூட்ட அறையில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் யார் மேலும் படவில்லை. பண்ணைகளுக்கான பாதுகாப்பு நிதி இந்த வருஷம் முதலில் எதற்கு என்று அதிகாரி கரும்பலகையில் இரண்டே வரி எழுதியிருக்கிறார்: மேய்ச்சல் வேலி, ஓடைக் கறை. கரைக்குப் பெரிய 'ற' போட்ட புண்ணியவான்! "கறைன்னா சோப்பு போட்டுக்கம்மா, அரசாங்கப் பணம் எதுக்கு?" என்கிறார், ஓடையோரம் வயல் வைத்திருக்கும் அவளைப் பார்த்து, அவள் கணவனின் அண்ணன், மாட்டுப்பண்ணைக்காரர். அறையே கெக்கலிக்கிறது. மழைக்கு மழை ஓடை அவளுடைய வயலைக் கடித்துத் தின்பது சிரிப்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அவள் விறுவிறுவென்று போய், எச்சில் தொட்ட விரலால் அந்த எழுத்தை அழித்துச் சின்ன 'ர' போடுகிறாள். சுண்ணக்கட்டி கிறீச்சிடுகிறது. "இப்ப படிங்க மாமா. கண்ணு தெரியுதா, இல்ல அதுக்கும் நிதி வேணுமா?" சிரிப்பு அடங்குகிறது. அதிகாரி செருமிக்கொண்டு, "கரைக்குக் கை தூக்குங்க" என்கிறார். அவள் கை மட்டும் உயர்கிறது, வளையல்கள் முழங்கை வரை சரிகின்றன. முன்வரிசையில் அவள் கணவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருக்கிறான். "வேலிக்கு?" அண்ணன் திரும்பித் தம்பியைப் பார்க்கிறார், அவ்வளவுதான். பொத்தானை விட்ட கை மெல்லக் கிளம்பிக் காதோரம் வந்து நிற்கிறது. "நல்லா நீட்டித் தூக்குங்க," என்கிறாள் அவள், அறை முழுக்கக் கேட்கும்படி. "உங்கண்ணனுக்குத் தெரிய வேணாமா?"