மயில்கழுத்துப் பாவாடை

பொருட்காட்சிக் கூட்டத்தில் தனுஷ்கோடியின் மகள் தொலைந்துவிட்டாள். அறிவிப்புக் கூடாரத்தில், "பாவாடை என்ன கலர்?" என்று கேட்டார்கள். மயில்கழுத்து நிறம், ஒரு பக்கம் பார்த்தால் பச்சை, மறுபக்கம் நீலம். தயங்கி, "பச்சை" என்றான்.

ஒலிபெருக்கி பச்சை, பச்சை என்று சொல்லச் சொல்ல அவனுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. கூட்டத்தில் பச்சை மட்டும் மீன்களைப் போல மிதந்து எழுந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓடினான்.

ராட்டினத்தருகே ஒரு சின்னக் கை அவன் விரலைப் பிடித்தது.

"அப்பா!"

குனிந்து பார்த்தான். அந்தி வெயிலில் பாவாடை நீலமாக அலைந்தது.

"அழாதடா கண்ணு" என்று தூக்கிக்கொண்டான். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கூடாரத்துக்கு நடந்தான்.

"சார், நீலப் பாவாடை போட்ட பாப்பா ஒண்ணு கிடைச்சிருக்கு. பெத்தவங்க எங்க தவிக்கிறாங்களோ."