மோதிரம் முதல் மெத்தை வரை

மோதிரம் கழலவில்லை. திவால் அலுவலகக் கழிப்பறைக் குழாயடியில் நின்று, தம்பியின் விரலில் சோப்பைத் தேய்த்துத் தேய்த்து இழுத்துக்கொண்டிருந்தார் அண்ணன்.

"வலிக்குதுண்ணா. இது கல்யாணத்துல அவ போட்டுவிட்டது. இதையாவது நீ பாக்கெட்ல போட்டுக்கோயேன், யாருக்குத் தெரியப்போகுது?"

"வாயை மூடு. ஒரு குண்டுமணியை மறைச்சாலும் மனுவையே தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் மொத்தக் கடனும் மறுபடி உன் தலையிலதான்."

"உனக்கு எப்படிண்ணா இதெல்லாம் தெரியும்?"

அண்ணன் இன்னும் கொஞ்சம் சோப்பைத் தேய்த்து இழுத்தார். மோதிரம் தோலைக் கொஞ்சம் உரித்துக்கொண்டு வந்தது.

தம்பி பிரிட்ஜ் மெக்கானிக். கடையைப் பெரிதாக்க ஒரு கடன், அதை அடைக்க ஒரு கடன், அதற்கு வட்டி கட்ட இன்னொரு கடன். போன வாரம் ரயில் தண்டவாளத்தின் ஓரம் உட்கார்ந்திருந்தவனை, தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்து வீட்டுக்கு இழுத்துப்போனது அண்ணன்தான். "திவால் மனு கொடுத்துடலாம்டா. சட்டத்துல வழி இருக்கு" என்று சொன்னதும் அவர்தான்.

உள்ளே, திவால் அதிகாரி மோதிரத்தை ஒரு உறையில் போட்டு ஒட்டினார். அந்த அம்மாள் குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"வேன் உங்க பேர்லயா? அது ஏலத்துக்குப் போயிடும். மெத்தை, பாத்திரம், குழந்தைங்க சாமான் எல்லாம் உங்களுக்கே."

"என் கேஸ் அளக்குற கேஜ், ஸ்பேனர் செட்டு... அதுவும் போயிடுமாங்க?"

"வேலைக்கு வேணுங்கற கருவியைத் தொட மாட்டாங்கடா." அண்ணன் முந்திக்கொண்டார். அதிகாரி தலையசைத்தார்.

"ஏலத்துல வர்றதைக் கடன் கொடுத்தவங்களுக்குப் பிரிச்சுக் கொடுப்போம். எதையும் மறைக்காம இருந்தீங்கன்னா, ஒரு வருஷத்துல மிச்சக் கடன் தள்ளுபடி. அதுக்கப்புறம் யாரும் உங்க வாசலுக்கு வந்து கேட்க முடியாது." பக்கத்தைப் புரட்டினார். "ஜாமீன் போட்டவங்க யாராவது?"

"அண்ணன்தாங்க. எல்லாத்துக்கும்."

பேனா நின்றது. அதிகாரி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

"அடுத்த கேள்வியைக் கேளுங்கம்மா" என்றார் அண்ணன்.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டதும் தம்பி உடைந்து அழுதான். உரிந்த விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு வருஷமா நான் தூங்கலைண்ணா. இனிமே உன் தையல் கடை வாசல்லயும் எவனும் வந்து கத்த மாட்டான். வா, போலாம்" என்றான்.

கதவு வரை போனவன் திரும்பிப் பார்த்தான். அவன் எழுந்த நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அதிகாரி இழுப்பறையைத் திறந்து, எழுதாத மனு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது யாருக்குண்ணா?"

அண்ணன் திரும்பாமலே சொன்னார்:

"உன் கடன்தான்டா தள்ளுபடி ஆகும், என் ஜாமீன் கையெழுத்து ஆகாது."