கை கற்றுக்கொண்ட பழக்கம்

விருதுக் குழுவைக் கண்டதும் ஆய்வகத்தின் இயக்குநர் வழுக்கைத் தலையை ஒருமுறை துடைத்துக்கொண்டார். பளபளப்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை. மேசைமேல் விருதுக்கு வந்த செயற்கைக் கை, பக்கத்தில் ஒரு கையுறை.

"சிலந்திக்கால் முடியைப் பார்த்துச் செஞ்ச நுண்ணிழைக் கையுறை சார். இதைப் போட்டுக்கிட்டு நாம என்ன செஞ்சாலும் உணர்ந்து, அந்தக் கைக்குப் பழக்கிவிடும்."

"பழக்கினது யாரு?" என்றார் குழுத்தலைவர்.

"மூணு வருஷமா நான்தான். வேற யாரையும் தொடவிடல."

"உதவிக்கு ஒரு அம்மா இருந்தாங்களே?"

"குறிப்பெடுக்க வச்சிருந்தேன். இப்ப வர்றதில்ல."

அந்த அம்மாவின் கணவன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். இவனை யார் உள்ளே விட்டது என்று எரிச்சலோடு இயக்குநர் பொத்தானை அழுத்தினார்.

கை பேனாவை எடுத்துப் பிசகில்லாமல் ஒரு வட்டம் போட்டது. கைதட்டல் எழுந்தது, விருது மடியில் விழுந்தேவிட்டது என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

பேனாவை வைத்துவிட்டுக் கை மெல்ல மேலே எழுந்தது. நெற்றியில் விழுந்த கூந்தலை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகுவதுபோல, வெறும் காற்றில் விரல்களை வளைத்தது. மறுபடியும் ஒருமுறை.

கைதட்டல் நின்றது. எல்லார் கண்ணும் இயக்குநரின் வழுக்கைக்குப் போயிற்று.

கணவன் எழுந்து மேசையருகே வந்தான்.

"இந்தக் கையைப் போன மாசம்தான் சார் மண்ணுல வச்சு மூடிட்டு வந்தேன்."