இடாப்பில் இல்லாத வீடு

பின்னால் வந்துகொண்டிருந்த சீலா அந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போய்விட்டதைத் திரும்பிப் பார்த்தபோதுதான் பொன்மலர் கண்டாள்.



சனிக்கிழமைக் காலைகளில் சபைக்குப் பிடியரிசி சேர்ப்பது பொன்மலரின் பொறுப்பு. சபையைச் சேர்ந்த வீடுகளில் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது, ஆண்டவருக்கென்று முதலில் ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். கிழமைக்கொருமுறை வீடு வீடாகப் போய் அதை வாங்கித் தேவாலயத்தில் சேர்க்கவேண்டும். பண்டத்தரிப்புக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ரீச்சர் சீலா இன்றுதான் முதன்முதலாகக் கூட வந்திருந்தாள்.

எந்தெந்த வீட்டுக்குப் போவது என்று பொன்மலர் அவளுக்குச் சொல்லியிருந்தாள். எந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்பதைச் சொல்லவில்லை.

சொல்வதானால் அந்தப் பெயரை வாயில் எடுக்கவேண்டும்.

அது பரமலிங்கத்தின் வீடு. அவன் மனைவி சபையில் ஞானஸ்நானம் பெற்றவள், பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடியவள். பதினொரு வருடங்களுக்கு முன் பிள்ளையார் கோயிலில் அவனிடம் தாலி கட்டிக்கொண்டாள். அடுத்த மாதமே சபை கூடி அங்கத்தவர் இடாப்பிலிருந்து அவள் பெயரை வெட்டியது. அந்த வீட்டிலிருந்து ஒரு காணிக்கையும் வாங்குவதில்லை என்றும் தீர்மானித்தது.

முன்மொழிந்தவர் கனகரட்ணம் வாத்தியார். ஆமோதித்துக் கை உயர்த்தியவள் பொன்மலர். அந்தக் கை உயரும்வரை சபை முழுவதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் படலையை அவள் தெருவின் மறுகரையால்தான் கடப்பாள். வேகமாகக் கடப்பாள்.

இன்று நின்றுவிட்டாள்.

அந்தப் பெண் அடுப்படியிலிருந்து கலயத்தோடு வந்தாள். சீலா விரித்த பைக்குள் அதைச் சரித்தாள். அரிசி விழுந்துகொண்டே இருந்தது. ஒரு கிழமைப் பிடியரிசி அவ்வளவு வராது. யாரும் கேட்டுப் போகாத வீட்டில், யார் வருவார்கள் என்று எடுத்துவைத்தாள்?

நெற்றியில் குங்குமம். கைகள் மெலிந்துபோயிருந்தன. காதோரம் நரை. முப்பத்துமூன்று வயதுக்கு நரையா?

சீலாவின் தோளுக்கு மேலால் அவள் தெருவைப் பார்த்தாள்.

பொன்மலர் குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாருங்கோ அக்கா, ஒரு வீட்டிலையே கால் பை!" சீலா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "நல்ல மனுசி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொன்னவ. உங்களையும் கேட்டவ."

"என்னெண்டு கேட்டவ?"

"'ரோட்டிலை நிக்கிறவவும் வருவாவோ' எண்டு."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை. ஏன், தெரிஞ்ச ஆளோ?"

பொன்மலர் நடக்கத் தொடங்கினாள். "அந்த வீடு எங்கடை இடாப்பிலை இல்லை, பிள்ளை." தீர்மானத்தை மட்டும் சுருக்கமாகச் சொன்னாள்.

சீலா பையை விரித்துப் பார்த்தாள். குத்தரிசி, பச்சையரிசி, கூப்பன் அரிசி. பதினாறு வீட்டு அரிசியோடு பதினேழாவது வீட்டு அரிசியும் கலந்து கிடந்தது.

"அப்ப இனி என்ன செய்யிறது? ரெண்டு பேரும் குந்தியிருந்து கோழி மாதிரிப் பொறுக்குவமோ?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. "போன ஞாயிறுதானே போதகர், ஆரையும் நியாயந்தீர்க்கக் கூடாதெண்டு முக்கால் மணித்தியாலம் தொண்டை கிழியக் கத்தினவர்?"

"அது பிரசங்கம். இது தீர்மானம்."

சீலாவின் சிரிப்பு நின்றது.

"இதைச் சபைக்குக் குடுக்க ஏலாது," என்றாள் பொன்மலர். "என்ரை வீட்டிலை அரிசி கிடக்கு. இந்த அளவுக்கு அளந்து தாறன், அதைக் கொண்டுபோய்க் குடும். உந்தப் பையை இஞ்சை தாரும்."

"அவவின்ரை கை பட்டதெண்டு எல்லாத்தையும் கொட்டப் போறியளோ? அவவிலை அவ்வளவு வெறுப்போ, அக்கா?"

பொன்மலர் பையை வாங்கினாள். அதைத் தோளில் மாட்டாமல், இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் தன் அரிசியை அளந்து கொடுத்தாள். சீலா முகம் கொடுக்காமலே வாங்கிக்கொண்டு போனாள். காலையில் அங்கே விட்டிருந்த சைக்கிளில் அவள் ஒழுங்கை திரும்பும்வரை பார்த்து நின்ற பொன்மலர், பட்டப்பகலில் வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கணவர் காலமான பிறகு அந்த வீட்டில் அவள் தனி.

பையிலிருந்து ஒரு சுண்டு அரிசியை அள்ளிக் களைந்தாள். கல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. உலையில் போட்டாள்.

கலப்பு அரிசி. ஒன்று குழையும்போது மற்றது நடுவில் வேகாமல் நின்றது. இறக்கினாள். கறி எதுவும் வைக்கவில்லை.

பலகையில் உட்கார்ந்து, வழக்கம்போல் கண்ணை மூடிச் செபம் சொல்லத் தொடங்கினாள். 'இந்தச் சோற்றைத் தந்த' என்ற இடத்தில் வார்த்தை நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து தட்டை இழுத்தாள்.

மெதுவாகச் சாப்பிட்டாள். தட்டு வெறுமையானதும் மறுபடி போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் நெடுநேரம் மென்றாள்.

வயிறு நிறைந்தபோது இடக்கையைத் தட்டின் மேல் விரித்தாள், இன்னும் ஒரு அகப்பை போட வருகிறவளை மறிப்பதுபோல.

"காணும், மகள்," என்றாள். "இனிப் போடாதை."