இரவல் நெருப்பு

ஓஹையோ ஆற்றங்கரைக் காட்டில் வெயில் சாய்கிறது. ஆங்கில அரசனின் படையை எதிர்த்துப் போரிட்டதற்குக் கிடைத்த நிலத்தில் தனியாளாகக் குடியேறியவர் ஜாபெஸ். இரும்புச் சட்டியோடு பக்கத்துக் குடிசை வாசலில் வந்து நிற்கிறார்.

“அடுப்பு அணைஞ்சுபோச்சும்மா, ரெண்டு கங்கு குடு.”

குடிசைக்காரி டார்கஸ் இடுப்பில் குழந்தையோடு சோள ரொட்டியைத் திருப்புகிறாள். “முந்தாநேத்தும் இதைத்தான் சொன்னீங்க. கொட்டுற பனியிலயும் துப்பாக்கிக் கல்லைத் தட்டி நெருப்பு மூட்டினவராம் நீங்க.”

இடுப்புக் குழந்தை அவருடைய பட்டாளத்துச் சட்டையில் மிஞ்சிய ஒற்றைப் பித்தளைப் பொத்தானை இழுக்கிறது. அதற்கு எட்டும்படி குனிந்தே நிற்கிறார். அவர் பூட்ஸில் ஈரச் சாம்பல் அப்பியிருக்கிறது. டார்கஸ் அதைப் பார்த்துவிட்டு, கங்குகளை அள்ளிச் சட்டியில் போடுகிறாள்.

“நாளைக்குத் தண்ணிய ஊத்தி அணைக்காதீங்கண்ணே. சும்மாவே வாங்க.”

தலையாட்டுகிறார். சட்டியில் கங்கு நீறு பூக்கிறது. அவர் இன்னும் கிளம்பவில்லை.