மூணாம் நம்பர் வாசல் கோலம்

சாந்தம்மா இறந்ததிலிருந்து எங்கள் லைன் வீட்டில் மூணாம் நம்பர் ரூம் பூட்டியே கிடக்கிறது. ஆனால் ஒரு வாரமாக, தினமும் விடியும்போது அந்த வாசலில் கோலம் இருக்கிறது.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த என்னைப் பக்கத்து ரூம் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“அண்ணா, வரும்போது யாரையாச்சும் பார்த்தீங்களா?” என்றாள் சுசித்ரா.

“இல்லம்மா.”

“புள்ளியெல்லாம் கோணலா இருக்கு. சாந்தம்மாக்கா இப்படிப் போடமாட்டாங்களே,” என்றாள் சுவாதி.

“செத்த பிறகும் கை நடுங்காம இருக்குமாடி?” என்றாள் இன்னொருத்தி.

சுசித்ரா எல்லாப் பெண்களின் விரல்களையும் பார்த்தாள். ஒருத்தி கையிலும் கோலமாவு இல்லை.

“அப்ப அக்காவேதான். நாளைக்குக் காவேரிப்பட்டினத்துப் பூசாரி வந்து ஆவியைக் கட்டிட்டா, அதோட வராது. நீங்க பயப்படாம காபி குடிங்கண்ணா.”

விரல்களைப் பேண்டில் இன்னொரு தடவை துடைத்துவிட்டு டம்ளரை வாங்கினேன். ஆம்பளை கையை யார் பார்ப்பார்கள்? கோலத்தைப் போட்டுவிட்டு, டீக்கடை வரை போய்த் திரும்பி வருகிறேன், அவ்வளவுதான்.

ஓசூர் வந்து ஒன்பது வருஷம். இந்த லைனில் சாந்தம்மாவைத் தவிர ஒருத்தரும் என்னைச் சாப்பிட்டியா என்று கேட்டதில்லை. இப்போது எல்லாரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

பூசாரி கட்டிவிட்டுப் போனதும், மறுநாள் இன்னும் பெரிய கோலமாகப் போடவேண்டும்.